ஃபுட்பால் மேனேஜர் 2024: சீசன் நடுவில் வேலைக்குச் சேருகிற மேனேஜருக்கு

ஃபுட்பால் மேனேஜர் 2024 என்பது ஒரு கால்பந்து கிளப்பின் மேனேஜராக, அதாவது தலைமை கோச்சாக, இருந்து டீமை நடத்துகிற கம்ப்யூட்டர் விளையாட்டு. அதை ஆடுகிறவர்கள் பெரும்பாலும் சீசன் தொடங்குவதற்கு முன்பே, கோடை மாதங்களில், ஆட்டத்தை ஆரம்பிப்பார்கள். பிடித்த கிளப்பை எடுப்பார்கள், கையில் இருக்கிற பணத்துக்கு ஆள் வாங்குவார்கள், ஆகஸ்டில் முதல் மேட்ச் ஆடுவார்கள். நான் அப்படி ஆடுவதில்லை. வேலையில்லாத மேனேஜராக உள்ளே நுழைந்து காலண்டரை நகர்த்திக்கொண்டே போவேன். அக்டோபர், நவம்பர், டிசம்பரில் எந்த கிளப் தன் மேனேஜரை வீட்டுக்கு அனுப்புகிறதோ, அங்கே விண்ணப்பம் போடுவேன். இந்த விமர்சனம் அந்த ஒரு வகை ஆட்டத்தைப் பற்றியது. மற்றபடி இந்த விளையாட்டு எப்படி என்று சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

எங்கள் பெரம்பூர் பக்கம் கால்பந்து பேசாத டீக்கடை குறைவு. ஒரு கிளப் நாலு மேட்ச் சேர்ந்தாற்போல் தோற்றால் போதும், ‘முதலில் கோச்சைத் தூக்கு’ என்று ஆரம்பித்துவிடுவார்கள். நான் கம்பெனி டீமுக்கு லெஃப்ட் பேக் ஆடியவன். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் வியாசர்பாடிப் பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். கோச் மாறினால் ஆடுகிறவன் மனசில் என்ன ஓடும் என்று எனக்குத் தெரியும். புது ஆள் வந்த முதல் வாரம் எல்லாரும் நேரத்துக்கு மைதானத்தில் இருப்பார்கள். பெஞ்சில் கிடந்தவன் இருமடங்கு ஓடுவான். சீனியர்கள்கூட ஷூ லேஸை இறுக்கிக் கட்டுவார்கள். மூன்றாவது வாரம் அந்த வேகம் தானாகவே அடங்கும். அதற்கு அப்புறம் டீமிடம் என்ன மிஞ்சுகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அதற்கு ஓரளவு நேர்மையாகப் பதில் சொல்கிற பொருள் என்று எனக்குத் தெரிந்தது இந்த விளையாட்டு ஒன்றுதான்.

அடிப்படைத் தகவல்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். தயாரிப்பு ஸ்போர்ட்ஸ் இன்டராக்டிவ், வெளியீடு சேகா. 2023 நவம்பர் 6-ல் வந்தது. அடுத்து வர வேண்டிய 2025 பதிப்பை 2025 பிப்ரவரியில் நிறுவனமே கைவிட்டதால், 24-ஐ வைத்துத்தான் எல்லாரும் இரண்டு வருடம் ஓட்டினோம். 2025 நவம்பரில் 26 வந்துவிட்டது. பெண்கள் கால்பந்து முதல்முறையாக அதில் இருக்கிறது. நான் இன்னும் 24-ஐ விடாததற்குக் காரணம் அது தொடங்குகிற சீசன், அதாவது 2023-24. சீசன் நடுவில் மேனேஜரை மாற்றினால் டீம் தேறுமா என்கிற எங்கள் டீக்கடைக் கேள்விக்கு அந்த வருடத்தைப் போல ஒரு பரிசோதனைக்கூடம் கிடைக்காது.

இங்கிலாந்தில் ஷெஃபீல்டு என்கிற எஃகு நகரத்தில் இரண்டு பெரிய கிளப்புகள். யுனைடெட் முதல் பிரிவான பிரீமியர் லீகில் இருந்தது, வெட்னஸ்டே அதற்குக் கீழே சாம்பியன்ஷிப்பில். இரண்டுமே முந்தைய சீசனில்தான் ஒரு படி மேலே ஏறி வந்தவை. 2023-24-ல் இரண்டுமே அதலபாதாளத்தில் கிடந்தன, இரண்டுமே சீசன் நடுவில் மேனேஜரை மாற்றின.

வெட்னஸ்டேயில் சிஸ்கோ முன்யோஸ் 10 லீக் ஆட்டங்களில் எடுத்தது 2 புள்ளி. அக்டோபர் 4-ல் அவரை அனுப்பினார்கள். வந்தவர் டேனி ரோல், வயது 34. அதுவரை எங்கேயும் தலைமை மேனேஜராக இருந்ததில்லை. பயர்னிலும் ஜெர்மனி அணியிலும் ஹான்சி ஃபிளிக்குக்கு உதவியாளராக இருந்தவர். அவர் பொறுப்பேற்றபோது 11 ஆட்டத்தில் 3 புள்ளி. சீசன் முடிந்தபோது 53 புள்ளி, 20-ஆம் இடம், கீழ்ப்பிரிவுக்கு இறங்காமல் கடைசி நாளில் தப்பித்தார்கள். அதாவது 35 ஆட்டத்தில் 50 புள்ளி.

யுனைடெட்டில் பால் ஹெக்கிங்பாட்டம் 14 ஆட்டத்தில் 5 புள்ளி. செப்டம்பரில் சொந்த மைதானத்திலேயே நியூகாசிலிடம் 8-0. டிசம்பர் தொடக்கத்தில் பர்ன்லியிடம் 5-0. அதோடு அவரை அனுப்பிவிட்டு, ஏற்கெனவே அதே கிளப்பைப் பிரீமியர் லீகுக்கு ஏற்றிவிட்ட கிறிஸ் வைல்டரைத் திரும்பக் கூட்டி வந்தார்கள். ரசிகர்கள் கொண்டாடினார்கள். மீதி 24 ஆட்டத்தில் வந்தது 11 புள்ளி. மொத்தம் 16 புள்ளியோடு கடைசி இடம். வாங்கிய கோல் 104, பிரீமியர் லீக் சரித்திரத்தில் ஒரே சீசனில் அதற்கு மேல் யாரும் வாங்கியதில்லை.

ஒரே ஊர், ஒரே சீசன், ஒரே மருந்து. ஒருவர் பிழைத்தார், இன்னொருவர் பிழைக்கவில்லை. இது ஏன் என்று நான் இந்த விளையாட்டை வைத்துத்தான் புரிந்துகொண்டேன்.

முதலில் வெட்னஸ்டே. என் ஆட்டத்தில் நிர்வாகம் நிஜத்தைவிடப் பொறுமையாக இருந்தது, நவம்பர் கடைசியில்தான் நாற்காலி காலியானது. விண்ணப்பம் போட்டால் நேர்காணலுக்குக் கூப்பிடுகிறார்கள். எந்த மாதிரி ஆட்டம் ஆடப் போகிறாய், ஜனவரியில் ஆள் வாங்கப் பணம் வேண்டுமா, இப்போதிருக்கிற உதவியாளர்களை வைத்துக்கொள்வாயா என்று கேட்கிறார்கள். பதிலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நம் ஊர் இன்டர்வியூவைப் போலவே, வேலை வேண்டும் என்ற அவசரத்தில் கூடுதலாக வாக்குக் கொடுத்தால் அது பின்னாடி கழுத்தைப் பிடிக்கும். நீங்கள் சொன்னதெல்லாம் போர்டின், அதாவது கிளப் நிர்வாகக் குழுவின், எதிர்பார்ப்புப் பட்டியலில் ஏறி உட்கார்ந்துவிடும்.

வேலை கிடைத்த முதல் நாள் திரையைத்தான் நான் இந்த விளையாட்டின் உச்சம் என்பேன். வீரர்கள் பட்டியலைத் திறந்தால் மனநிலைக் கட்டம் மேலிருந்து கீழ்வரை சிவப்பு. சிகிச்சை அறையில் ஒரு வரிசை ஆட்கள். வீரர்களின் உறவுகளைக் காட்டும் பக்கத்தில் யார் தலைவர்கள், யார் யாரோடு சேர்ந்த கூட்டம், பழைய மேனேஜர் கொண்டுவந்த புதுமுகங்கள் எந்த மூலையில் தனியாக நிற்கிறார்கள் என்று வட்டம் வட்டமாகத் தெரியும். 2015-ல் அங்கே சேர்ந்த பாரி பேனன்தான் அந்தப் பட்டியலின் உச்சியில். அவரை முறைத்துக்கொண்டால் பாதி டிரெஸ்ஸிங் ரூம் உங்களுக்கு எதிராகத் திரும்பும். அவர் முகம் கொஞ்சம் தெளிந்தால், நீங்கள் ஒரு வார்த்தை பேசாமலே நாலைந்து பேர் சரியாவார்கள். இதில் பொய் எதுவும் இல்லை. எங்கள் கம்பெனி டீமிலும் அப்படி ஒரு மிட்ஃபீல்டர் அண்ணன் இருந்தார். கோச் போர்டில் வரைவதை நாங்கள் பார்ப்போம். அப்புறம் அண்ணன் முகத்தைப் பார்ப்போம். அவர் தலையாட்டினால்தான் அது திட்டம்.

அடுத்து, வியூகப் பழக்கம் என்று ஒரு அளவுகோல் இருக்கிறது. டீம் எந்த அமைப்பில், எந்த வேகத்தில், எவ்வளவு முன்னேறி அழுத்தி ஆடப் பழகியிருக்கிறது என்பதைப் பட்டைகளாகக் காட்டும். மூன்று சென்டர் பேக் வைத்து ஆடிப் பழகிய டீமை வந்த அன்றே நாலு பேர் டிஃபென்ஸுக்கு மாற்றினால் பட்டை சரசரவென்று இறங்கும். திரும்ப ஏறப் பல வாரப் பயிற்சி ஆகும். ஆனால் சீசன் நடுவில் பயிற்சிக்கு வாரம் எங்கே இருக்கிறது? சாம்பியன்ஷிப்பில் 46 ஆட்டம். சனிக்கிழமை ஒன்று, செவ்வாய் இரவு ஒன்று. நடுவில் ஒரு நாள் ஓய்வு, ஒரு நாள் பயணம், ஒரு நாள் அடுத்த எதிரியைப் பற்றிய தயாரிப்பு. மிச்சம் ஒரு பயிற்சி நேரம் கிடைத்தால் பெரிய விஷயம். அந்த ஒன்றில் வியூகம் பழக்குவதா, டீம் ஒற்றுமைக்கான பயிற்சி வைப்பதா, கார்னர் தடுக்கப் பழக்குவதா? பத்திரிகைகளில் ‘புதிய மேனேஜர் தன் பாணியைக் கொண்டுவருவார்’ என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போகிறார்கள். அந்த வரிக்குள் எத்தனை செவ்வாய்க்கிழமை இருக்கிறது என்று இந்த அட்டவணையை நிரப்பிப் பார்த்தால் தெரியும்.

நான் செய்தது இதுதான். அமைப்பை அப்படியே விட்டேன். டிஃபென்ஸ் கோட்டை மட்டும் கொஞ்சம் பின்னால் இழுத்தேன், கோல்கீப்பர் நீளமாக உதைக்காமல் பக்கத்தில் இருப்பவனுக்கு உருட்டச் சொன்னேன், கார்னர்களுக்கு ஒரு பயிற்சி நேரம் ஒதுக்கினேன். 24 பதிப்பில் செட் பீஸ் பகுதியை, அதாவது கார்னர், ஃப்ரீ கிக் போல நின்ற பந்திலிருந்து ஆடுவதை, முழுக்கப் புதுப்பித்திருக்கிறார்கள், அதற்கென்றே தனிப் பயிற்சியாளரும் உண்டு. மோசமாக ஆடுகிற டீமுக்கு இது வரப்பிரசாதம். திறந்த ஆட்டத்தில் கோல் அடிக்க நம்பிக்கை வேண்டும். கார்னரில் அடிக்க, சொன்ன இடத்தில் சொன்ன ஆள் நின்றால் போதும்.

முதல் மேட்ச் எங்கள் சொந்த மைதானமான ஹில்ஸ்பரோவில். 70-ஆம் நிமிடம்வரை 0-0. வலது பக்கக் கார்னர், முதல் கம்பத்துக்கு அருகே ஒருவன் ஓடித் தலையால் தட்டிவிட, பின் கம்பத்தில் காத்திருந்தவன் முட்டியால் உள்ளே தள்ளினான். 1-0. அடுத்த 20 நிமிடம் முழு டீமும் பெனால்டி பாக்ஸுக்குள் குடியிருந்தது. நான் ஓரத்திலிருந்து ‘கவனம், கவனம்’ என்று பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தேன். மேட்ச் முடிந்தபோது சிவப்பாக இருந்த கட்டங்களில் பாதி மஞ்சளாகியிருந்தது. சிறு உருவங்கள் ஓடுகிற படம்தான். ஆனாலும் அந்தக் கோல் விழுந்தபோது நான் எழுந்து நின்றுவிட்டேன். பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்த அம்மா என்னவோ ஏதோ என்று கதவைத் திறந்தார்.

இந்த இடத்தில் இந்த விளையாட்டு தருகிற இன்னொரு உதவியைச் சொல்ல வேண்டும். தகவல் மையம் என்ற பகுதியில் எக்ஸ்ஜி கணக்கு இருக்கிறது. ஒவ்வொரு ஷாட்டும் கோலாக எவ்வளவு வாய்ப்பு என்று 0-வுக்கும் 1-க்கும் நடுவே மதிப்புப் போட்டுக் கூட்டுவது. பெனால்டி என்றால் 0.75-க்கு மேல், 30 கஜத்திலிருந்து கண்ணை மூடிக்கொண்டு உதைத்தால் அநேகமாகப் பூஜ்யம். நான் எந்த கிளப்பில் சேர்ந்தாலும் முதலில் திறப்பது இந்தப் பக்கம்தான். வெட்னஸ்டேயில் பார்த்தபோது, கிடைத்த வாய்ப்புக்கும் அடித்த கோலுக்கும் நடுவே பெரிய பள்ளம் இருந்தது. அதாவது டீம் அவ்வளவு மோசம் இல்லை. நம்பிக்கை போயிருந்தது, கொஞ்சம் அதிர்ஷ்டமும் போயிருந்தது. அப்படியென்றால் பழைய மேனேஜரே இருந்திருந்தாலும் கொஞ்சம் ஏறியிருக்குமே என்ற கேள்வி வருகிறது. வரத்தான் வேண்டும். நெதர்லாந்துப் பொருளாதார அறிஞர் பாஸ் டெர் வேல் தன் நாட்டு முதல் பிரிவில் 1986 முதல் 2004 வரை நடந்த மேனேஜர் மாற்றங்களை ஆராய்ந்தார். தொடர்ந்து சறுக்கியபின் மேனேஜரை மாற்றிய கிளப்புகளையும், அதே மாதிரி சறுக்கியும் மாற்றாமல் விட்ட கிளப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டு தரப்பும் ஏறக்குறைய ஒரே மாதிரி மீண்டன. பள்ளத்தின் அடியில் நிற்கும்போது யாரை மாற்றினாலும் அடுத்த அடி மேலேதான் போகும். மாலை போடுவது மட்டும் புது மேனேஜருக்கு.

அப்புறம் யுனைடெட்டை எடுத்தேன். இங்கே தகவல் மையம் வேறு கதை சொன்னது. வாங்கிய கோலுக்கும் கொடுத்த வாய்ப்புக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. வாங்க வேண்டியதைத்தான் வாங்கியிருந்தார்கள். நிஜத்தில் அந்தக் கோடையில் இலிமான் என்டியாயே மார்செய்க்கும், சாண்டர் பெர்கே பர்ன்லிக்கும் போய்விட்டார்கள். மேலே ஏறி வந்த டீமின் முதுகெலும்பே விற்பனையாகிவிட்டது. அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு நான் டிஃபென்ஸைப் பின்னால் இழுத்தேன், முன்னால் தள்ளினேன், ஐந்து பேர் வைத்தேன். மனநிலைக் கட்டங்கள் பச்சையானபோதும் புள்ளிப்பட்டியல் அசையவில்லை. நிஜத்தில் வைல்டருக்கும் அதுதான் நடந்தது. அவரைத் திட்டுகிறவர்கள் ஒரு தடவை இந்தத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

ஜனவரி டிரான்ஸ்ஃபர் விண்டோவும், அதாவது சீசன் நடுவில் ஆள் வாங்கி விற்க அனுமதிக்கிற காலமும், கணக்கில் வர வேண்டும். ரோல் அக்டோபரில் வந்ததால் ஆட்களை இரண்டு மாதம் கூர்ந்து பார்த்துவிட்டு, ஜனவரியில் கோல்கீப்பர் ஜேம்ஸ் பீடில், ஃபார்வர்டு ஐக் உக்போ, விங்கர் இயன் பொவேடா என்று தேவைக்குத் தகுந்த ஆட்களைக் கொண்டுவர முடிந்தது. இதே மாற்றத்தை ஏப்ரலில் செய்திருந்தால்? 2022-23-ல் லெஸ்டர் அதைத்தான் செய்தது. பிரெண்டன் ராட்ஜர்ஸ் போனது ஏப்ரல் 2. டீன் ஸ்மித் கையில் கிடைத்தது 8 மேட்ச். விண்டோ மூடி மாதங்கள் ஆகியிருந்தன. 2016-ல் சாம்பியனான கிளப் 18-ஆம் இடத்தில் முடித்துக் கீழே இறங்கியது. இந்த விளையாட்டில் மார்ச்சில் ஒரு வேலை எடுத்துப் பாருங்கள், அந்த இறுக்கம் புரியும். வாங்க முடியாது, விற்க முடியாது, பழக்க நேரமில்லை. ஓரத்தில் நின்று கத்துவது மட்டும்தான் உங்கள் கையில்.

குறைகளுக்கு வருகிறேன். பத்திரிகையாளர் சந்திப்புகள் அலுப்பூட்டுபவை. ஒரே கேள்விகள் சுற்றிச் சுற்றி வரும். சில மேட்ச்களுக்குப் பிறகு உதவியாளரை அனுப்பிவிடுங்கள், நான் அப்படித்தான். இடைவேளையில் டீமிடம் பேசும் பகுதி அதைவிடப் பரவாயில்லை. தண்ணீர் பாட்டிலை விட்டெறிகிற வசதிகூட இருக்கிறது. ஆனால் பேச்சு என்பது ஏற்கெனவே எழுதிவைத்த வாக்கியங்களில் ஒன்றைத் தொடுவதுதான். இரண்டு கோல் பின்தங்கி, தலை குனிந்து உட்கார்ந்திருக்கும் பதினேழு வயதுப் பையனிடம் என்ன சொல்வது என்று ஒவ்வொரு ஞாயிறும் தேடுகிற எனக்கு, அந்தப் பட்டியல் போதவில்லை.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. ‘மேனேஜரை மாற்றலாமா’ என்பது மேனேஜர் எடுக்கிற முடிவே அல்ல. எடுப்பது போர்டு. இந்த விளையாட்டில் போர்டு நாற்காலியில் நம்மால் உட்கார முடியாது. பழையவருக்கு மிச்ச ஒப்பந்தத்துக்காகக் கொடுக்க வேண்டிய பணம், அதைக் கொடுத்தால் ஜனவரியில் குறையப் போகிற தொகை, புதியவரை இன்னொரு கிளப்பிலிருந்து பெயர்த்து வர ஆகும் செலவு, இது எதுவும் நம் மேசைக்கு வராது. நமக்குத் தெரிவது மேனேஜர் பக்கத்து வலி மட்டும். அந்த வலியை நன்றாகவே காட்டுகிறார்கள். வேலை ஆட்டம் காணும்போது போர்டு உங்களைக் கூட்டத்துக்கு அழைக்கும். அடுத்த 5 ஆட்டத்தில் இத்தனை புள்ளி எடுக்கிறேன் என்று வாக்குக் கொடுத்து நாளை நீட்டிக்கலாம். அந்த 5 ஆட்டமும் நான் சோறு தின்னாமல் ஆடியவை. ஆனால் அந்தக் கூட்டத்தில், ‘எங்கள் எக்ஸ்ஜியைப் பாருங்கள், நாங்கள் நன்றாகத்தான் ஆடுகிறோம்’ என்று வாதாட இடம் இல்லை. போர்டு கேட்பது புள்ளியைத்தான். நிஜத்திலும் பல போர்டுகள் அப்படித்தான் என்பது வேறு விஷயம்.

எல்லா போர்டும் அப்படி இல்லை. 2022 அக்டோபரில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் தொடர்ந்து ஐந்து தோல்வி, லெஸ்டரிடம் 4-0, பட்டியலில் கடைசி. எல்லாரும் ஸ்டீவ் கூப்பர் கதை முடிந்தது என்று காத்திருந்த வாரத்தில் கிளப் அவருக்குப் புது ஒப்பந்தம் கொடுத்தது. அந்த சீசன் 38 புள்ளியோடு 16-ஆம் இடத்தில் தப்பியது. அதே அக்டோபரில் ஆஸ்டன் வில்லா ஸ்டீவன் ஜெரார்டை அனுப்பி உனாய் எமெரியைக் கொண்டுவந்தது. 7-ஆம் இடம், ஐரோப்பியப் போட்டிக்குத் தகுதி. இரண்டுமே சரியான முடிவு என்றுதான் நான் நினைக்கிறேன். ஃபாரஸ்டில் அந்தக் கோடையில் வந்து இறங்கிய புது வீரர்கள் ஒரு பேருந்து நிறைய இருந்தார்கள்; எந்த மேனேஜருக்கும் அவர்கள் பெயரைப் பழகவே அக்டோபர் ஆகியிருக்கும். வில்லாவில் நல்ல டீம் கையில் இருந்தது. அதை எப்படி ஆட வைப்பது என்று தெளிவாகத் தெரிந்த ஒருவர் வரத் தயாராகவும் இருந்தார்.

நம் ஊருக்கு வருகிறேன், ஏனென்றால் இந்த விளையாட்டில் இந்தியன் சூப்பர் லீகும் இருக்கிறது, சென்னையின் எஃப்சியை எடுத்து ஆடலாம். அந்த கிளப்பே இந்தக் கேள்விக்கு ஒரு பாடம். ஜான் கிரெகரி 2017-18-ல் கோப்பை வாங்கிக் கொடுத்தவர். அடுத்த சீசன் 18 ஆட்டத்தில் 9 புள்ளி, கடைசி இடம். அப்போதும் நிர்வாகம் அவரை வைத்துக்கொண்டது. 2019-20-ல் முதல் நாலு ஆட்டத்தில் ஒரு கோல்கூட இல்லை. 6 ஆட்டத்தில் 5 புள்ளி, 4 கோல். நவம்பர் கடைசியில் அவர் விலகினார். ஓவன் காயில் வந்தார். மீதி 12 ஆட்டத்தில் 24 புள்ளி, 28 கோல். கொச்சியில் கேரளா பிளாஸ்டர்ஸை 6-3 என்று அடித்த இரவை மறக்க முடியுமா? நாலாம் இடம், அரையிறுதியில் கோவாவை 6-5 என்ற மொத்தக் கணக்கில் தாண்டி, 2020 மார்ச் 14-ல் ஃபட்டோர்டாவில் கொரோனா பயத்தால் ஆளில்லாத மைதானத்தில் கொல்கத்தாவின் ஏடிகேயிடம் 3-1 என்று இறுதியாட்டத்தில் தோற்றார்கள்.

வால்ஸ்கிஸ், கிரிவெல்லாரோ, சாங்டே, தாபா. கிரெகரியிடம் இருந்த அதே ஆட்கள். அந்த சீசனில் வால்ஸ்கிஸ் 15 கோல். டீம் நன்றாக இருக்கிறது, புள்ளிதான் இல்லை என்ற நிலைமைக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. காயில் வந்ததும் பந்தை எடுத்தால் முன்னால் பார் என்கிற தைரியம் எல்லார் காலிலும் வந்துவிட்டது. 2022 பிப்ரவரியில் அதே கிளப் போசிதார் பாந்தோவிச்சை அனுப்பியபோது சில ஆட்டங்களே மிச்சம், முடித்தது எட்டாம் இடத்தில். காயில் கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 2010 ஜனவரியில் பர்ன்லி மேனேஜராக இருந்த அவரை சீசன் நடுவில் போல்டன் கொத்திக்கொண்டு போனது. போல்டன் தப்பியது, பர்ன்லி இறங்கியது. ஒரு கிளப்பின் தீர்வு இன்னொரு கிளப்பின் நெருக்கடியாக வந்து விழுகிறது என்பதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

விளையாட்டில் சென்னையை எடுத்தால் எனக்குச் சுவை குறைகிறது. காரணம் விளையாட்டு அல்ல, லீக். அந்த வருட ஐஎஸ்எல்லில் கடைசியில் முடித்தாலும் கீழ்ப்பிரிவுக்கு இறங்குவது கிடையாது. இறங்கும் பயம் இல்லாத இடத்தில் சீசன் நடுவில் மேனேஜரை மாற்றுவதன் கணக்கே வேறு. பிளே ஆஃப் வாய்ப்பு போய்விட்டதென்றால் பொறுமையாக இளைஞர்களை ஆட விடலாம். இங்கிலாந்தின் இரண்டாம், மூன்றாம் பிரிவில்தான் ஒவ்வொரு புள்ளியும் உயிர்.

வாங்கலாமா என்று கேட்டால், இந்தக் கேள்வியில் ஆர்வம் உள்ளவர்கள் கிடைத்தால் கட்டாயம் வாங்கலாம். பெரிய கேமிங் கம்ப்யூட்டர் வேண்டியதில்லை. 3டி காட்சியைக் குறைத்துவிட்டு, மேலிருந்து வட்டங்கள் நகரும் காட்சியில் பார்த்தால் சாதாரண லேப்டாப்பிலேயே ஓடும். முன்பு தள்ளுபடி அடிக்கடி வந்தது. 2024 செப்டம்பரில் எபிக் கடையில் ஒரு வாரம் இலவசமாகவே கொடுத்தார்கள். தமிழில் கிடையாது, ஆங்கிலத்தில் நிறையப் படிக்க வேண்டும். என்னிடம் பயிற்சிக்கு வருகிற பையன்களுக்கு அதுதான் தடையாக இருக்கிறது. பந்து அவர்களுக்குப் புரிந்த அளவுக்கு விளையாட்டுக்குள் வருகிற ஆங்கில மின்னஞ்சல்கள் புரிவதில்லை. ஒரு பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால் வேகமாகப் பிடித்துக்கொள்வார்கள்.

தொடங்குகிறவர்களுக்கு: வேலையில்லாத மேனேஜர் என்று ஆரம்பியுங்கள், இங்கிலாந்தின் கீழ்ப்பிரிவுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அனுபவத்தைக் குறைவாக வையுங்கள், விடுமுறைப் பொத்தானால் அக்டோபர் நடுப்பகுதிக்குப் போங்கள். காலியான கிளப்புகள் பட்டியலில் வந்ததும், விண்ணப்பிக்கும் முன் அந்த டீமின் வீரர்களையும், அடித்த கோல், வாங்கிய கோலையும் பத்து நிமிடம் பாருங்கள். பழைய மேனேஜர் என்ன தப்பு செய்தார் என்று ஒரு காகிதத்தில் எழுத முடிந்தால் மட்டும் அந்த வேலையை எடுங்கள். எழுத எதுவும் வராவிட்டால் விட்டுவிட்டு அடுத்த வாரத்துக்குக் காலண்டரை நகர்த்துங்கள். நவம்பருக்குள் இன்னொரு நாற்காலி காலியாகும்.